கயிறு அவிழ்க்க ஆளில்லாத கப்பல்

மட்டிக்களி,
திருகோணமலை.
மாசி 9 தொடங்கி 13 வரை.

அன்புள்ள பேத்தி கீர்த்தனிக்கு,

உன் அம்மப்பா சிவகுருநாதன் தன் கையாலேயே எழுதுவது. எழுத்துகள் வரிசையில் நிற்காததைப் பார்த்தாலே தெரியும், உன் அம்மா எழுதவில்லை என்று.

ஓம், எழுபத்தைந்து வயதில் வாசிக்கப் பழகிவிட்டேன்! நூலகத்தில் பின்னேர வகுப்பு, அசனா ரீச்சர் படிப்பிக்கிறார். போன கிழமை நிலாவெளி பஸ்சின் பலகையை உரத்து வாசித்தேன். கண்டக்டர், “எனக்கும் தெரியும் ஐயா, ஏறுங்கோ” என்றான்.

ஏன் படித்தேன் என்று கேட்பாய். நீ யப்பானுக்குப் போகும்போது அலுமாரியில் விட்டுப்போன பென் டிரைவில் உன் கார்ட்டூன் இருந்தது. பழைய போர்க்கப்பல்கள் பெண்பிள்ளைகளாக வருமே, அது. முன்பு அதைப் பகிடி பண்ணினவன் நான்தான். நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று போடச் சொன்னேன். கீழே நீ தமிழில் எழுதிப் போட்ட வரிகள் ஓடின. அவற்றை வாசிக்கத்தான் வகுப்புக்குப் போனேன்.

ஒவ்வொரு வரிக்கும் ரிமோட்டை அமத்தி நிறுத்துவேன். உன் அம்மா, “அப்பா, அந்தப் பிள்ளை அரை மணித்தியாலமா வாயைத் திறந்துகொண்டு நிக்குது, பாவம், விடுங்கோ” என்பாள். ஒரு பாகம் முடிய இரண்டு நாள் ஆகும். சண்டை பிடித்த நாட்டுக் கப்பல்கள் எல்லாம் ஒரே மேசையில் கறியும் சோறும் சாப்பிடுவதை நான்கு தரம் பார்த்தேன்.

பதினோராம் பாகத்தில் நம் துறைமுகம் வந்தது. கோணேசர் மலையைக் கண்டதும் கத்திவிட்டேன். உலக யுத்தத்தில், யப்பான் விமானங்கள் வருகின்றன என்று இங்கிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய வெள்ளைக்காரக் கப்பல், கார்ட்டூனில் ஒரு சின்னப் பிள்ளை. தனியே புறப்பட்டாள். எல்லாம் சரியாகப் படம் கீறியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அவளுக்குக் கயிறு அவிழ்க்கக் கரையில் ஒருவரும் இல்லை.

உண்மையில் அவிழ்த்தவர், துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பா. கயிறு அவிழ்த்தவன் கப்பல் துறைமுக வாயைத் தாண்டும்வரை நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். அவரிடம் பழகி நானும் முப்பத்தைந்து வருடம் அப்படியே நின்றேன். அன்றைக்கு மட்டும் அவரை ஓடச் சொல்லித் துரத்திவிட்டார்கள். “நான் நிண்டு பாக்கேல்லையடா” என்று சாகும்வரை சொன்னார்.

அவரையாவது துரத்தினார்கள். என்னை யார் துரத்தினது?

யப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை என்று நீ சொன்னபோது, “குண்டு போட்டவங்களின்ர கிழடுகளை நீ குளிப்பாட்டப் போறியோ?” என்று கேட்டேன். உன்னை ஏற்றிப்போக வான் வந்த காலையில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் நித்திரை இல்லை, பிள்ளை. வான் சத்தம் ஓயும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இதை அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் அம்மாவோடு கதைக்கிறாய். “அம்மப்பா சாப்பிட்டாரா” என்று மட்டும் கேட்கிறாய். சாப்பிட்டேன்.

சித்திரையில் லீவு உண்டாம், வருவதா விடுவதா என்று யோசிக்கிறாயாம். வா, பிள்ளை. நீ திரும்பிப் போவதை மறிக்க மாட்டேன். இந்த முறை வாசலில் நின்று, உன் வான் தெருமுனை தாண்டும்வரை பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் பாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கார்ட்டூனில் அந்தக் கப்பல் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்றிருக்கிறேன். நீ வந்து பக்கத்தில் இரு, நான் வாசிக்கிறேன்.

அங்கே குளிராம், காதை மூடிக்கொள். நீ குளிப்பாட்டும் அந்தப் பெரியவர்களுக்கு நான் சுகம் கேட்டதாகச் சொல்லு. தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும்.

உன் வரவு பார்த்திருக்கும்,
அம்மப்பா
க. சிவகுருநாதன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து!)