வெளுத்துப்போன திரை

கேலப்,

ஓவன் அடுப்பில் மக்ரோனி இருக்கிறது. பக்கத்து வீட்டு இங்க்ரிட் தன் பாத்திரத்தைக் கேட்டு வந்தால் கொடுத்துவிடு.

நேற்று நீ கணினித் திரையின் பின்னணியைக் கறுப்பாக்கியதும் கத்தினேன். தப்பு உன்னுடையதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, “இதென்ன வௌவால் குகை” என்று நான்தான் அதை வெள்ளையாக்கினேன். கணினிக்கும் போனுக்கும் ஒரே கூகுள் கணக்கு என்பதால் நீ கறுப்பாக்கித் தந்த அவர் போனும் வெளுத்துவிட்டது.

“கண்ணு கூசுது நோரா. எதையாவது தொட்டியா?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? உங்க போன் பழசு” என்றேன். காரணம் பிறகு புரிந்தது. சொல்ல வெட்கப்பட்டேன்.

சாவதற்கு முந்தைய கடைசி வாரம் கூச்சம் தாங்காமல் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தார். உன் செய்திகளை அவர் பார்க்கவேயில்லை. அப்பா கோபத்தில்தான் பதில் போடவில்லை என்று நீ அழுதாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அம்மா

பி.கு.: அவருக்கு உன்மேல் கோபமே இல்லை. தினமும் உன்னைத்தான் கேட்டார்.