சிலுவைக்கு விடுமுறை

ஏப்ரல் 27

புது பாதுகாப்பு பெல்ட்டுகள் வந்துவிட்டன. மூன்றாவது தளத்துக்கு மேலே ஏறுகிற ஒவ்வொருவனும் இடுப்பில் மாட்டிக் கயிற்றைச் சாரத்தில் கட்ட வேண்டும் என்று சொன்னேன். இளம் கொத்தன் கோயோ மாட்டிக்கொண்டு "மே... மே..." என்று கட்டிப்போட்ட ஆடு மாதிரி கத்தினான். ஒரே சிரிப்பு. ஃபிடென்சியோ மேஸ்திரிதான் காப்பாற்றினார். "முதலாளியம்மா ராத்திரி தூங்கணும்னா நாம கட்டிக்கிட்டுத்தான்டா ஆகணும்." அவர் மாட்டினார், எல்லோரும் மாட்டினார்கள்.

இந்தச் சோலூலா ஊரில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லட்டும். இந்த மருத்துவமனைக் கட்டடம்தான் எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஒப்பந்தம். ஒருவன் விழுந்தால் அவனோடு நானும் விழுவேன்.

மே 2

நாளை சிலுவைத் திருநாள், கொத்தனார்களின் திருநாள். கட்டுகிற கட்டடத்தின் உச்சியில் சிலுவை நட்டுவிட்டு விருந்து சாப்பிடுவார்கள். பன்றிக்கறிக்கும் புல்கே கள்ளுக்கும் சொல்லியாகிவிட்டது. கான்கிரீட் வண்டி நாளைக் காலை மட்டும்தான் வருமாம். அதனால் பாதி நாள் வேலை, பிறகு விருந்து. சிலுவையை மறுநாள் ஏற்றலாமே என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மறுநாள் வச்சா அது சிலுவை இல்லம்மா, வெறும் கட்டை."

மே 3

மேஸ்திரி விழுந்துவிட்டார்.

மே 4

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

மதியம் கான்கிரீட் முடிந்தது. பெல்ட்டைக் கழற்றினார்கள், கை கழுவினார்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். காகிதப்பூ சுற்றிய சிலுவையை மேஸ்திரி தோளில் தூக்கினார். நான் ஒரு பெல்ட்டை எடுத்து நீட்டினேன். நீட்டினேன்தானே? ஆமாம், நீட்டினேன்.

"சாமிகிட்ட யாராச்சும் கயிறு கட்டிக்கிட்டுப் போவாங்களா தாயி? நான் என்ன பலிக்குப் போற ஆடா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார். நான் பெல்ட்டைச் செங்கல் மேல் வைத்துவிட்டேன். ஏன் வச்சேன்? தினமும் கத்துற வாய்க்கு நேத்து என்ன ஆச்சு?

சிலுவையை நட்டுவிட்டுத்தான் விழுந்தார். அது நேராக நிற்கிறது. முதுகெலும்பு போய்விட்டது, இனி நடக்க மாட்டார் என்கிறார் டாக்டர்.

மே 9

என் வக்கீல் லியாந்திரோ வந்தார். வேலையில் நடந்த விபத்து என்றால் மேஸ்திரிக்குச் சமூகக் காப்பீட்டிலிருந்து ஆயுள் முழுக்க ஓய்வூதியம். ஆனால் கயிறு இல்லாமல் ஏறவிட்ட குற்றம் என் தலையில், மருத்துவமனைக்காரர்கள் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார்கள். திருவிழாவில் விழுந்தார் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் ஒன்றுமில்லை.

"திருவிழான்னு ஒரே வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கம்மா."

மே 11

வேலையில் நடந்த விபத்துதான் என்று காப்பீட்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். என் கட்டடம், என் சாரம், என் கையில் இருந்த பெல்ட். வேறென்ன சொல்ல?

லியாந்திரோ தலையில் அடித்துக்கொண்டார்.

மே 30

ஒப்பந்தம் போயிற்று. கலவை இயந்திரத்தை விற்றேன், ஆட்களை அனுப்பினேன். அழவில்லை. மேஸ்திரி வீட்டில் அடுப்பு எரியும் என்ற ஒரு நினைப்புதான் என்னை நிற்க வைத்திருக்கிறது.

ஜூன் 19

காப்பீட்டு அலுவலகத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. வேலை விபத்து இல்லையாம். ஓய்வூதியம் இல்லையாம்.

சொன்னது யார்? ஃபிடென்சியோவேதான். வேலைக்காக ஏறவில்லை, திருவிழாவுக்காகத்தான் ஏறினேன் என்று விசாரிக்க வந்தவர்களிடம் படுக்கையில் கிடந்தபடியே சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கு ஓடினேன். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஏன் மேஸ்திரி? ஏன் அப்படிச் சொன்னீங்க? எல்லாத்தையும் வித்துட்டு நிக்கிறேனே!"

"கூலிக்கா தாயி சிலுவையத் தூக்குனேன்? காசுக்குத் தூக்குனேன்னு சொல்லிட்டு, அது முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் மனைவி சாயோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் கிளம்பியபோது வாசல் வரைக்கும் வந்தாள். "அவருக்குச் சொர்க்கம் நிச்சயம்மா," என்றாள். "எனக்குத்தான் நாளைக்கு டார்ட்டியா ரொட்டி சுட மாவு இல்ல."

சம்பந்தப்பட்டவரே மறுத்த பிறகு மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்கிறார் லியாந்திரோ.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் செத்தவர்களுக்குப் பூ வைக்கிறது. எங்கள் கதையில் யாரும் சாகவில்லை. பூ வைக்கக்கூட இடமில்லை.

மே 3

ஒரு வருஷம் ஆகிவிட்டது. காலையிலிருந்து வாணம் வெடிக்கிறது. இப்போது வேலை பார்க்கிற சிமெண்டுக் கடையில் நிற்க முடியவில்லை. முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, விற்காமல் வைத்திருந்த ஒரே பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். கோயோ இப்போது அடுத்த தெருவில் கட்டுகிற ஓட்டலில் மேஸ்திரி.

அங்கே ஃபிடென்சியோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிலுவைக்குக் காகிதப்பூ சுற்றியது அவர்தானாம், அதற்காக ஒரு தட்டுக் கறி. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

ஓட்டலைக் கட்டுகிற ஒப்பந்தக்காரரிடம் பெல்ட்டை நீட்டினேன். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவருக்கு, ஊரே பேசிய கதைதானே.

"உங்க கேஸுக்கு அப்புறம் நாங்கெல்லாம் உஷாராயிட்டோம்மா. இந்த வருஷம் இன்னிக்கு முழு நாளும் விடுமுறைன்னு எல்லாரும் எழுதி வச்சுட்டோம். யாரு விழுந்தாலும் அது வேலை விபத்து ஆகாது, எங்களுக்குக் கவலையில்ல."

கோயோ சிலுவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். இடுப்பில் ஒன்றுமில்லை. "நேரா வைடா!" என்று கீழேயிருந்து ஃபிடென்சியோ கத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கி வந்தான். "பாத்தீங்களா முதலாளியம்மா, ஒண்ணும் ஆகல," என்றான்.

இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.