என் கணவரின் எலும்புக்கு வந்த மரியாதை

மார்ச் 4
ஒலிவ மரங்களுக்குக் கிளை கழிக்க ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் புதுக் கோயில் கட்டப் போய்விட்டார்கள். ரோமாபுரிப் பணத்தில் கிறிஸ்துவுக்குக் கோயில்! எங்கள் கோதுமையைப் பிடுங்கிக்கொண்டு கசையடி கொடுத்தவர்கள், இப்போது கடவுளையும் கொடுக்கிறார்களாம். எங்களிடம் இல்லாத கடவுளா?

மார்ச் 6
புதுக் கோயிலுக்குக் குரு யாரென்று இன்றுதான் தெரிந்தது. ரொகாத்துஸ். அவனேதான். பழைய பேரரசன் வேதப் புத்தகங்களை எரிக்கச் சொன்ன வருடம், சிப்பாய்கள் கேட்கும் முன்பே தூக்கிக் கொடுத்துவிட்டுக் கார்த்தேஜுக்கு ஓடினவன். என் கணவர் பாரிக் கொடுக்கவில்லை. கோயிலில் வேதம் வாசித்தவர் அவர். புத்தகம் எங்கே என்று சொல்லாமலே அடிபட்டுச் செத்தார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கை — விரல் விரலாக முறித்திருந்தார்கள்.

சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்கள். இதோ, ஓதுகிறது.

மார்ச் 9
வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அம்மா, பாரிக்கோட எலும்பைப் புதுக் கோயில் பீடத்துக்கு அடியில வைக்கணும். ஆளுநரே வெள்ளிப் பேழை அனுப்பியிருக்கார்."

"கொன்னது யாரு, சாமி?"

"அது பழைய ராஜா. இப்ப இருக்கிறவர் நம்மாளு."

"சிப்பாய் அதே சிப்பாய்தானே?"

"பழசைக் கிளறாதீங்க. சந்தை முடிஞ்சதும் ஆள் வருவாங்க."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறது. வருடா வருடம் அவர் இறந்த நாளில் கல்லறை மேலிருக்கும் கல்மேசையில் சோறு வைத்து, அதிலுள்ள துளை வழியே அவருக்குத் திராட்சரசம் ஊற்றிவிட்டுத்தானே நாங்கள் சாப்பிடுகிறோம்? வெள்ளிக்குள் பூட்டிவிட்டால் அவருக்கு யார் ஊற்றுவது? உயிரை எடுத்தது போதாதா? தர மாட்டேன்.

மார்ச் 13
மலையில் கல்லறை மேசைகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்று அவருடையது. மற்றது மாமியார் அரிஷாத்துடையது. அந்தக் காலத்தில் பெயர் வெட்டப் பயம். இரண்டும் மொட்டைக் கல். ஊருக்கெல்லாம் எது யாருடையது என்று தெரியும். ரொகாத்துஸ் ஒரு வருடமாவது எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"எது?" என்றான் சிப்பாய். கேடயத்தில் சிலுவை, கையில் அதே கோல்.

மாமியாரைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு பிரிக்தா சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். சாகும்வரை தானித் அம்மனைக் கும்பிட்டவள் என் மாமியார். "கட்டையில தொங்கினவனையா சாமிங்கிறீங்க?" என்று மகனிடம் காறித் துப்பினவள்.

மார்ச் 20
திறப்பு விழா. ஆளுநர் பேழைமுன் மண்டியிட்டார். மாமியார் இருந்திருந்தால் எல்லாரையும் விளக்குமாற்றால் விரட்டியிருப்பாள்.

பிறகு ரொகாத்துஸ் என்னிடம் வந்தான், கண் சிவந்து. லத்தீனை விட்டு நம் பாஷையில் பேசினான். "பாரிக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேம்மா. மனசு லேசாயிடுச்சு."

லேசாயிடுச்சாம்! இவ்வளவு மலிவா மன்னிப்பு? உண்மை நுனிநாக்குவரை வந்தது. சொன்னால் மறுபடி மண்வெட்டியோடு வருவார்கள். வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் பிரிக்தா, "ஏன்க்கா, உங்க மாமியார் அவனை மன்னிச்சிருப்பாங்களா?" என்றாள்.

"என்னையே மன்னிச்சதில்ல, அவனையா?"

மே 2
பாரிக்கின் நாளை இனிமேல் கோயிலில்தான் கொண்டாட வேண்டுமாம். மலையில் சாப்பிடத் தடை. மீறினால் அடி. யார் வருவார்கள்? பயம் யாரை விட்டது?

மே 5
அவர் நாள். தனியாகத்தான் ஏறினேன். மேலே போனால் எனக்கு முன்பே பிரிக்தா கூழ் கிண்டிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் ஒவ்வொருவராக, கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள்கூட. இத்தனை பேரை எப்படி அடிப்பது என்று சிப்பாய்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அவருக்கு வயிறார ஊற்றினேன். கீழே, கோயிலில், ரொகாத்துஸும் என் மாமியாரும் மட்டும்.