பாதாம் மரத்தில் ஒரு கிளை

பொழிச்சலூர்,
9 நவம்பர் 2025, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் ஜாய்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, முழங்கால் வலி மட்டும் மழையோடு வருகிறது, வெயிலோடு போகிறது. நீயும் கிறிஸ்டியும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்களா, அவளுக்கு இருமல் விட்டதா. தலை ஈரத்தோடு வெளியே போகாதே, கால்கரி குளிர் நம் ஊர் மார்கழி மாதிரி இல்லை என்று மெர்வின் சொன்னான். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். தபீதாள் அத்தையின் மகன் மெர்வின் புதன்கிழமை அங்கே திரும்புகிறான் இல்லையா, மிளகாய்ப்பொடி டப்பாவோடு இதையும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு மேலாக உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நம் வீட்டுப் பின்பக்கத்துப் பாதாம் மரத்தின் பெரிய கிளை முறிந்து பக்கத்து வீட்டு லக்ஷ்மிநாராயணன் சார் மேல் விழுந்துவிட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்டோபர் பதினாறாம் தேதி, காலை ஏழு மணி இருக்கும், நல்ல மழை. அவர் மனைவி வேதவல்லி மாமி பக்கவாதம் வந்து படுத்திருக்கிற பின்னறை உனக்குத் தெரியுமே, சிமென்ட் ஷீட் போட்டது, மரத்துக்கு நேர் கீழே. அறைக்குள் தண்ணீர் ஏறிவிடப் போகிறதென்று சார் குடைகூட இல்லாமல் போய், தண்ணீர் போகிற வழியில் அடைத்திருந்த இலையை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாம் நம் மரத்து இலைதான். நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஷீட் உடைகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கிளைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறார், சட்டையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் தன்னைத் தூக்கச் சொல்லவில்லை. "டீச்சர், உள்ள போய் அவளப் பாருங்கோ" என்றுதான் சொன்னார். ஷீட் ஒரு மூலையில்தான் உடைந்திருந்தது, மாமியின் கட்டில் மறு மூலையில். முகமெல்லாம் தூசி, கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. சாருக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டேன், எனக்கே அது தெரியாது.

இடது தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருக்கிறது என்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். யாருக்கு எது முறிந்தாலும் பரவாயில்லை, அவருக்கு அந்தக் கை முறிந்ததுதான் பேஜார். இரண்டு வருஷமாக மாமியைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர் ஒருவர்தானே. புனேயிலிருந்து அவர் மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டு லீவு முடிந்து போய்விட்டாள். அதனால் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் நான் போகிறேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், முதுகுக்கு எந்தத் தலையணை, கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் புரையேறாது என்று அவர் வாசற்படியில் நின்று சொல்லச் சொல்லச் செய்தேன், இப்போது பழகிவிட்டது. இருபத்தாறு வருஷம் பக்கத்து வீடு, அந்த வீட்டு அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

என்ன நல்ல அம்மா என்று நினைத்துவிடாதே, ஜாய்சன். அவர் அந்த மரத்தைப் பற்றிப் பேச மூன்று தடவை நம் கேட்டுக்கு வந்தார். போன டிசம்பர் புயலுக்கு அப்புறம் ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை. "டீச்சர், அந்த மரம்" என்று ஆரம்பிப்பார், அதற்குமேல் நான் விடமாட்டேன். அது என் வீட்டுக்காரர் வைத்தது, நான் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆகஸ்டில் வந்தபோது குக்கர் விசில் அடிக்கிறதென்று சொல்லிக் கதவையே சாத்தினேன். குக்கர் வைக்கவே இல்லை. அப்பா போன நான்கு வருஷத்தில் ஆளாளுக்கு வந்து, மாடியை வாடகைக்கு விடு, கிணற்றை மூடு, தனியாக இருக்காதே என்று சொல்லிச் சொல்லி, யார் வாயைத் திறந்தாலும் உன்னால் முடியாது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. நீயும் அதில் தப்பவில்லை. ஜூலையில் மர வைத்தியம் பார்க்கிறவர்கள் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒரு தடவை காட்டிவிடுங்கள் அம்மா என்று சொன்னாய். மரத்தையும் வெட்டு, வீட்டையும் விற்றுவிடு, என்னையும் ஒரு ஹோமில் சேர்த்துவிடு என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் ஒரு மாதம் நாம் மழை பெய்ததா என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

சார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எனக்கு அந்த மரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அடியோடு வெட்டிப் போட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது. தெருவில் கோடாலியோடு போன ஒரு ஆளைக் கூப்பிட்டேன். அரை நாளில் தரைமட்டம் என்று சொல்லிவிட்டு அவர் கயிறுகூடக் கட்டாமல் விறுவிறுவென்று ஏறினார். முறிந்து தொங்கிக்கொண்டிருந்த துண்டில் காலை வைத்து நின்றார், அவர் காலுக்குக் கீழே அந்த ஷீட், அதற்குக் கீழே மாமி. இறங்குங்கள், இறங்குங்கள் என்று கெஞ்சி இறக்கி, வந்ததற்குக் கையில் காசு கொடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜூலை மாத மெசேஜைத் தேடி, நீ அனுப்பின அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

சத்யப்ரியா என்று ஒரு பெண் வந்தாள், பள்ளிக்கரணையில் ஆபீஸ், முப்பது வயசுக்கு மேலிருக்காது. வந்ததும் ரம்பத்தை எடுப்பாள் என்று பார்த்தால் ஒரு மரச்சுத்தியை எடுத்து அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறாள், டாக்டர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பாரே அந்த மாதிரி. வேர்ப்பக்கம் மண்ணைக் கிளறிப் பார்த்தாள், ஏணி போட்டு முறிந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது துணி காயப்போட நான் கிளையைச் சுற்றிக் கட்டின கம்பி, ஜாய்சன். கிளை பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே புதைந்து, அந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உளுத்திருக்கிறது. மரத்தையே முழுசாக எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவள், "கோபத்துல சொல்றீங்கம்மா. அடிமரம் நல்லாத்தான் இருக்கு. ஒரு சைடு வெயிட் ஏறிப்போச்சு, அதக் கொறச்சாப் போதும். எடுத்தே ஆகணும்னா கவர்மென்ட் ஆபீஸ்ல மனு குடுத்து பர்மிஷன் வாங்கணும். எதுக்கும் பக்கத்து வீட்ல கேட்டுடலாம், எங்க கயிறு அவங்க இடத்துலதான் இறங்கும்" என்று சொன்னாள்.

இரண்டு பேரும் சார் வீட்டுக்குப் போனோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மரத்தை அடியோடு எடுத்துவிடுகிறேன் சார், நீங்கள் அப்போதே சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் எப்ப டீச்சர் மரத்த எடுக்கச் சொன்னேன்? அந்த ஒரு கிளைய மட்டும் வெட்டிடுங்கோன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க முடிக்க விடலியே. மரம் இல்லேன்னா மத்தியானத்துல இந்த ஷீட்டுக்கு அடியில அவளால படுக்க முடியுமா?" என்று கேட்டார். கட்டிலிலிருந்து மாமி ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. மரம் இருக்கட்டும்கிறா என்று சார் சொன்னார். மூன்று தடவை அந்த மனுஷன் வெயிலிலும் மழையிலும் கேட்டுக்கு வெளியே நின்று கேட்க வந்தது ஒரே ஒரு கிளை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

வேலைக்கு முதலில் குறித்த நாளில் விடிந்ததும் தூறல். நான் அவசரப்படுத்திப் பார்த்தேன், ஈர மரத்தில் ஆளை ஏற்ற மாட்டேன், ஒருவர் அடிபட்டது போதும் என்று சத்யப்ரியா திரும்பிப் போய்விட்டாள். நவம்பர் ஒன்றாம் தேதி சனிக்கிழமை நல்ல வெயில், வந்தார்கள். மரம் ஏறினவர் பொன்னுரங்கம், கானாத்தூர் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம், நாற்பது வயசு இருக்கும். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், இரண்டு கயிறு. இது அவிழ்ந்துவிடாதே என்று நான் நாலாவது தடவையாகக் கேட்டதும் மேலேயிருந்து, "எங்கூர்ல படகு கட்ற முடிச்சும்மா இது. கடலே இஸ்தாலும் அவுராது. நீ போய் டீ போடு" என்று சொன்னார். மாமியை அன்று முழுக்க நம் வீட்டில் வைத்துக்கொண்டோம். சக்கர நாற்காலியைப் பின்கதவு ஓரம் போட்டதும் அவர் மரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அறுத்த ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, மாடி வீட்டிலிருந்து கூடையை இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்கினார்கள். பதினோரு மணிக்குத் திடீரென்று ஒரு காற்று, பெரிய துண்டு ஒன்று சுழன்று ஷீட் பக்கம் போனது. சார் ஐயோ என்று அடிபட்ட கையையே தூக்கப் பார்த்தார். பொன்னுரங்கம் மேலே கயிற்றை மரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார், கீழே இருந்தவர்கள் சாய்ந்து இழுத்தார்கள், துண்டு ஷீட்டைத் தொடாமல் நம் பக்கம் வந்து இறங்கியது. மாமி நல்ல கையால் நாற்காலியைத் தட்டினார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. வெட்டின காயத்தில் தாரும் வேண்டாம் சிமென்ட்டும் வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும், வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்று சத்யப்ரியா சொன்னாள். ஷீட்டையும் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். தெரு ஆளைவிடக் கூடுதலாகத்தான் கேட்டார்கள், நான் பேரம் பேசவில்லை.

இன்று கோயில் விட்டு வந்து மாமிக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். சாருக்குத் தோள் வலி குறைந்திருக்கிறது. மோட்டார் ரிப்பேரைப் பற்றி ஆரம்பித்தார், அங்கேயிருந்து குன்றத்தூரில் அவருக்கு வீட்டு மனை ரிஜிஸ்ட்ரேஷன் நடந்த கதைக்குப் போய், அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி மோட்டாருக்கு வந்தார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பழக்கமில்லாத வேலை, தாடை வலித்தது.

நீ ஒரு தடவை அவருக்குப் போன் செய்து விசாரி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேசு. கிறிஸ்டியை நான் கேட்டதாகச் சொல். கிறிஸ்மஸுக்குப் பேக்கேஜ் எதுவும் அனுப்பாதே, இங்கே எல்லாம் இருக்கிறது. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணி போல் காத்து, போக்கிலும் வரத்திலும் கூடவே இருந்து, கையிட்டுச் செய்கிற காரியங்களை வாய்க்கப் பண்ணுவாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஜூலையில் நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது, மீதியை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். இதைப் படித்ததும் போன் செய், ஆரம்பத்திலிருந்து சொல். நான் சத்தம் காட்டாமல் இருப்பேன், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அன்புள்ள அம்மா,
ரத்தினபாய் வில்பிரட்