மூக்குத்தியைக் கழற்றிய நாள்

அன்பிற்கினிய தோழிக்கு,

நேற்று என் சளிக்காகத் திருவில்லிபுத்தூர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றிருந்தேன். மூக்கை மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பீய்ச்சினார். அந்தக் கசப்பு தொண்டையில் இறங்கியதும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

ராஜபாளையத்து நூற்பாலையில் அடுத்தடுத்த இயந்திரங்களில் நாம் நின்ற காலம். உன் இடப்பக்க மூக்கு மாதக்கணக்கில் அடைத்திருந்தது. காலையில் சிந்தினால் இரத்தம் தெரிந்தது. பஞ்சுத் தூசிதான், வெல்லம் மென்றால் போய்விடும் என்றனர் எல்லாரும். நீயும் மென்றாய். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எஞ்சிய கல்வியை நூலகத்தில் நானே ஈட்டிக்கொண்டவள். ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தமும் வந்தால், உள்ளே ஏதேனும் வளர்கிறதா என்று பார்த்தாக வேண்டும் எனப் படித்திருந்தேன். சொன்னேன்.

"ஏட்டி, அஞ்சாப்பு டாக்டரம்மா, பீஸ் எம்புட்டு?" என்றாய். ஆயினும் என்னோடு பேருந்து ஏறினாய்.

மருத்துவர் இதே மருந்தைப் பீய்ச்சியபின், விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை உன் மூக்கின் வழியே தொண்டையின் மேற்பகுதி வரை செலுத்தினார். திரையில் திராட்சைக் கொத்துப் போல ஒரு சதை. கண்ணால் கண்டு மட்டும் பெயர் சொல்ல இயலாது. எலும்பை அரித்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தபின், சிறிது சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஸ்கேனுக்கு மூக்குத்தியைக் கழற்றச் சொன்னதும் நீ எழுந்துவிட்டாய்.

"எங்க வீட்டு அவிய உசுரோட இருக்கையில நான் எதுக்குக் கழட்டணும்? புத்துநோய்னாலும் இருந்துட்டுப் போகுது."

என் படிப்பறிவு முழுவதும் அவ்விடத்தில் பயனற்றுப் போயிற்று. நம்மோடு வந்து, வாசல் தேநீர்க் கடையில் நின்ற உன் கணவரை அழைத்து வந்தேன். அவர் உன் எதிரே நின்றார்.

"நான் இங்கன குத்துக்கல்லாட்டம் நிக்கேன். நீ போயிட்டா அத நானா போட்டுக்கிடணும்? கழட்டுட்டி."

திருகாணி இறுகியிருந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த விரல்களால் தேங்காயெண்ணெய் தொட்டு அவரே திருகினார். ஸ்கேன் முடியும்வரை அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றார்.

ஆய்வின் முடிவு வந்தது. புற்றுநோய் அன்று, ஆனால் விட்டுவைத்தால் அவ்வாறு மாறக்கூடும். அறுவை செய்து சதையை முழுவதும் அகற்றினார்கள். ஆலைக்குத் திரும்பிய அன்று நீ மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நம்ம மில்லு இம்புட்டு எண்ணெ நாத்தமா?" என்று கேட்டாய். இயந்திர இரைச்சலையும் மீறிச் சிரித்தோம்.

பிறகு நெடுங்காலம் வாழ்ந்தாய். சென்ற ஆண்டு மாரடைப்பு உன்னைக் கொண்டுபோயிற்று. அதுவரை ஆண்டுதோறும் உன் மறுசோதனைக்கு நாம் சேர்ந்தே சென்றோம். அப்படியொரு பயணத்தில், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் நான் மூக்கைப் பற்றி விசாரித்தபோது என் முழங்கையைக் கிள்ளினாய்.

"நீ சொன்னது சரிதாம்ட்டி. அதுக்காகப் பாக்கிறவுக மூக்கையெல்லாம் விசாரிக்காத. மானம் போகுது."

உன் சொற்களில் நான் கீழ்ப்படியாதது அது ஒன்றே. பேருந்தில் எவரேனும் மூக்கைச் சிந்தினால், ஒரு பக்கமா இரு பக்கமா என்று இன்றும் கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சிலர் யோசித்து, விரலால் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டுகின்றனர். அவர்களை மருத்துவரின் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன். உன் மானத்தை இன்னமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், தோழி.