கானுக்குள் கிடந்த தும்பு

தங்கேஸ்,

புட்டு அடுப்படியில் மூடியிருக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடும். நிலவறைச் சாவியை நான் கொண்டுபோகிறேன். இன்றைக்கு டுக்னாட், கட்டடத்தில் எல்லாரும் சேர்ந்து மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் துப்புரவாக்குகிறோம்.

நேற்று நீர் சொன்னதுதான் சரி. மிளகாய்ச் சாடிகளின் மண் முழுவதையும் வாசல் கானுக்குள் கொட்டியது நான்தான். மழை கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். கான் அடைத்து, வெள்ளம் கீழ்வீட்டு வெள்ளைக்காரி ராண்டியின் நிலவறைக்குள் போய்விட்டது. அது தெரிந்துகொண்டே கட்டடக் கூட்டத்தில் எழும்பி நின்று, ஊர்க் கானைக் கவனிக்கிறதில்லை என்று கொம்யூனைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து உம்மைத் திட்டினேன். இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

தயாபரன்

உமக்குச் சொல்லாத ஒன்று: முந்தநாள் ராண்டி கான் கம்பிக்குள் இருந்து ஒரு பிடி தேங்காய்த் தும்பை இழுத்தெடுத்தா. சாடிகளுக்கு அடியில் நான் பரப்பின தும்பு. இந்தக் கட்டடத்தில் எங்களை விட்டால் ஆர் தேங்காய் உடைக்கினம்? “இது குருவிக்கூடோ?” என்று கேட்டா. நான் “ஓம்” எண்டு சொல்லிப்போட்டன். “பாவம்” என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் மரக்கிளையில் பத்திரமாக வைத்தா. குசினி யன்னலால் பாரும். இன்னும் அங்கேதான் இருக்கு.