இரண்டு பேருக்கு ஒரே முகம்

அக்கா,

பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்கு இன்னும் மூக்குதான் முதலில் விழித்துக்கொள்கிறது. பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயின் தண்ணீர் வெயிலில் புளித்துக் கிளப்பும் வாசனை. நேற்று கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு அந்த வாசனைக்குள் நின்றேன். போன மாதம் டாக்டர் என் ஸ்டீராய்டு அளவை ஏற்றிவிட்டார். இத்தனை வருஷம் சாதுவாக இருந்த ஈரல் மறுபடி முரண்டு பிடிக்கிறதாம். உன் தேங்காய்க் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் போன் விற்கிறார்கள். அதன் முன்னால் நின்றுகொண்டு, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். மற்றவர்களிடம் சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். நீ ஒருத்திதான் "எத்தனைல நிக்குது?" என்று கேட்டுவிட்டு, பேச்சைச் சாப்பாட்டுக்குத் திருப்புவாய்.

நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தொண்ணூறுகளின் நடுவில், ஆசுபத்திரி பெஞ்சில், நான் புடவைத் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஈரலிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, உன் உடம்பின் காவல் சக்தியே உன் ஈரலை அன்னியன் என்று நினைத்து அடிக்கிறது என்றார்கள். அதற்குள் "குடிக்குமோ?" என்று எத்தனை பேர் கேட்டாயிற்று, கரமனை அக்ரஹாரத்து மருமகளைப் பார்த்து. ஈரல் வியாதி என்றாலே இந்த ஊரில் அப்படித்தான். போதாததற்கு, மாத்திரை என் முகத்தைப் பூசணிக்காயாக ஊதிவிட்டது. ஆபீஸ் கவுண்டரில் என்னிடமே வந்து, முன்பு இருந்த மேடம் எங்கே என்று விசாரித்தார்கள்.

"எத்தனைல நிக்குது, பிள்ளே?" என்று குரல் கேட்டுத் திரும்பினேன். என் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே உருண்டைக் கன்னம், அதே இடுங்கிய கண், அதே இரட்டைத் தாடை.

"மாத்திரையத்தான் கேக்கேன். நாப்பது மில்லிகிராமா?"

"முப்பது."

"எனக்கு இருவது. தலைப்ப எடு. இங்க என்னத்துக்கு மூடுக? ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சில்லா."

அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் இதே முகத்தைத்தான் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நர்ஸ் வந்து, "சேச்சியும் அனியத்தியுமாணோ?" என்றாள், அக்கா தங்கையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஆமாம் என்றுவிட்டாய். பின்னால் வந்த பயிற்சி டாக்டருக்குக் கண் விரிந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்த நோய், அபூர்வமாம். பேனாவை எடுத்துவிட்டார். அப்பா பெயர் கேட்டபோது நான் ஒரு ஐயர் பெயரைச் சொன்னேன், நீ ஒரு கிறிஸ்தவப் பெயரைச் சொன்னாய். அவர் பேனா அப்படியே நின்றது. "பாவம், எழுதணும்னு ஆசப்பட்டாரு" என்று நீ வழி முழுக்கச் சிரித்தாய். அக்காவென்று கூப்பிட்டுவிட்டு நீங்கள், வாருங்கள் என்று பேசினால் உனக்குப் பிடிக்காது. அன்றே 'நீ' ஆகிவிட்டது.

மாநில எல்லைப்பக்கத் தென்னந்தோப்புக் குடும்பம் உன்னுடையது. ஞாயிறு தவறாமல் சர்ச். மற்ற நாளெல்லாம் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்றாய். இது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "தேங்காய்க்கு என்னத்த சாதி மதம்? மரத்துல காய்க்கு, தரையில உடையுது. நீ சில்லறை இருந்தா எடு" என்றாய்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது அக்கா, உனக்குத் தெரியும். ஒரு குழந்தை. ஈரல் அடங்கட்டும், மாத்திரை அஞ்சுக்கு இறங்கி நிலைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் மாமியார், "வேண்டாம்டி கொழந்தே, நீ இருந்தாப் போறும்" என்றாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிரியமாகச் சொன்னவளோடு எப்படிச் சண்டை போடுவது? இவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. ஆபீசிலிருந்து நேரே உன் கடைக்கு வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். இந்த வியாதியோடு பெற்றவள் ஒருத்தியையாவது நான் பார்த்ததுண்டா என்று உன்னிடம் கேட்டேன்.

"கரையாண்டாம். கண்ணத் தொடச்சுட்டு சனியாழ்ச வா" என்றாய்.

சனிக்கிழமை வந்தேன். தேங்காய் மூட்டைமேல் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒன்று காலாட்டிக்கொண்டு எண்ணெய் வடியப் பழம்பொரி தின்றுகொண்டிருந்தது. உனக்கு மகள் உண்டு என்று தெரியும். நோய் வருவதற்கு முன்னால் பெற்றவள் என்று நானாக நினைத்திருந்தேன்.

"இது மாத்திர தின்னுட்டே பெத்தது. நல்லாப் பாத்துக்கோ. தொட்டுப் பாரு."

தொட்டேன். எண்ணெய்க் கை என்று நான் பார்க்கவில்லை. அவள்தான் என் கையைத் தள்ளிவிட்டாள். மெல்லிய முகம், நீளக் கண், கூரான தாடையில் ஒரு குழி. "அப்பா மாதிரியா?" என்றேன்.

"எனக்க மாதிரிதான்" என்றாய் நீ. "நீ என்னப் பாத்ததே இல்லல்லா."

நான் உன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இத்தனை நாள் சிரித்துப் பேசியது, என் கண்ணீரைத் துடைத்தது எல்லாம் இந்த ஊதிய முகத்துக்குப் பின்னால் இருக்கும் வேறொருத்தி. அவளை நான் இன்னும் சந்திக்கவே இல்லை.

"உனக்கு யாரு காட்டினா? இப்படி ஒரு கொழந்தையை?" என்று கேட்டேன்.

"எனக்கா? ஒருத்தியும் இல்ல. நீயாவது பாத்துட்டுப் போவட்டும்னுதான் இவளக் கொண்டு வந்தேன்."

இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இருட்டில் ஒருத்தி தனியாக நடந்து போயிருக்கிறாள். அந்தக் கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பழம்பொரி வாங்கிக் கொடுத்து மகளை அழைத்து வந்து மூட்டைமேல் உட்காரவைத்திருக்கிறாள்.

பிறகு நம் இருவருக்கும் மாத்திரை இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் ஆசுபத்திரியில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ ஒரு ஒல்லி முகத்துக்காரி வந்து உட்கார்ந்தாள். இடம் விட்டு நகர்ந்தேன். "நகரதப் பாரு" என்றாள். தாடையில் அந்தக் குழி. நீயும் என்னை வெறித்துப் பார்த்து, "ஒனக்கு மூக்கு இவ்வளவு நீளமா பிள்ளே?" என்றாய். நர்ஸிடம் நாம் சேச்சியும் அனியத்தியும் என்றபோது அவள் நம்பவில்லை.

என் பெண் பிறந்தாள். நீ ஒரு மூட்டைத் தேங்காயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கரமனைக்கு வந்தாய். மாமியார் குழந்தையை உன் மடியில் கொண்டுவந்து வைத்து, "உன்னாலதான் வந்தது, நீயே வெச்சுக்கோ" என்றாள். நீ குழந்தையின் தாடையை விரலால் தடவி, குழி இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாய்.

அவள் நடந்து, ஓடி, பேசத் தொடங்கிய காலத்தில் உன் ஈரல் சுருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஈரல் வைப்பதெல்லாம் நமக்கு எட்டாத ஊரில் நடந்தது. கடைசியாக வார்டில் பார்த்தபோது மருந்தை ஏற்றியிருந்தார்கள். கால் வீங்கி, கண் மஞ்சளித்திருந்தது. கன்னம் மட்டும் பழையபடி உருண்டிருந்தது. "பாத்தியா, நம்ம மூஞ்சி திரும்ப வந்துட்டு" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த ஜூன் மாத இடவப்பாதி மழையில் உன்னைப் பெட்டியில் வைத்து உன் தோப்புக்கே கொண்டுபோனார்கள். நான் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றேன்.

உன் மகள் இப்போது கழக்கூட்டத்தில் வேலைக்குப் போகிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். கதவைத் திறந்தால் உன் சொந்த முகம் வாசலில் நிற்கும். உன் இன்னொரு முகம் எங்கும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை தலை வாரிக்கொள்ளக் கண்ணாடி முன் நின்றேன். ஒரு மாத மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது. உருண்டைக் கன்னம், இடுங்கிய கண், இரட்டைத் தாடை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட என் பெண் பின்னால் வந்து நின்று, "அம்மா, உன் மூஞ்சி ஏன் இப்படி ஆச்சு? இது யாரு மாதிரி?" என்று கேட்டாள். நீ போனபோது அவளுக்கு மூன்று வயது. உன்னை அவளுக்கு நினைவில்லை.

"பெரியம்மா மாதிரி" என்றேன். "நல்லாப் பாத்துக்கோ. தொட்டுப் பாரு."

அவள் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"பெரியம்மா அழகா இருக்கா" என்றாள்.

அக்கா, நான் முப்பதில் நிற்கிறேன். தலைப்பை இழுத்து மூடாமல் ஆபீசுக்குக் கிளம்பினேன்.